நான்கு பூதங்களும் ஒரு புதிர்வழியும்

புதிர்வழி என்றதும், உள்ளே புகுந்தவன் திசை மயங்கி, முட்டுச்சந்துகளில் மோதித் திரும்பி, வெளியேற வகையறியாது தவிக்கும் காட்சியே நம் மனத்தில் எழுகிறது. வீடியோ விளையாட்டின் ஆரம்ப காலத்தில் இந்தத் தவிப்புக்கே மதிப்பிருந்தது. அமெரிக்காவில் வில் கிரௌதர் இயற்றி, 1977-இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய 'அட்வெஞ்சர்' என்னும், படமே இன்றி எழுத்தால் மட்டும் நடக்கும் ஆட்டத்தில், ஒன்றுபோலவே வர்ணிக்கப்படும் குகைப் பாதைகளில் அகப்பட்டவர், கைப்பொருள்களை இடத்துக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்து வெளியேற வேண்டியிருந்தது.

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காகத் தோரு இவாதானி வடிவமைத்த 'பாக்மேன்' ஆட்டத்திலோ வழி தவறுவதற்கே இடமில்லை. புதிர்வழி முழுவதும் ஒரே திரையில் கண்ணுக்குத் தெரிகிறது. முட்டுச்சந்து ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும், 240 சிறு புள்ளிகளையும் 4 பெரிய புள்ளிகளையும் விழுங்கி முடிப்பதற்குள் ஆடுபவரின் நெஞ்சு படபடக்கிறது என்றால், அது அங்கே திரியும் நான்கு பூதங்களின் சுபாவத்தால் நேர்வது. சிவப்புப் பூதம் நாம் இருக்கும் கட்டத்தையே குறிவைத்து வருகிறது. இளஞ்சிவப்புப் பூதம் நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கிறது. நீலப் பூதம் நம் இருப்பையும் சிவப்புப் பூதத்தின் இருப்பையும் சேர்த்துக் கணித்தே இலக்கைத் தீர்மானிப்பதால், அதன் வரவை ஊகிப்பது பெரும் பிரயாசை. ஆரஞ்சுப் பூதமோ தொலைவிலிருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடுகிறது.

இந்தச் சுபாவங்கள் வெறும் மைதானத்தில் இத்தனை துலக்கமாக வெளிப்பட்டிரா என்பது என் திடமான அபிப்பிராயம். ஒவ்வொரு சந்தியிலும், இலக்குக்கு நேர்கோட்டில் எந்த அடுத்த கட்டம் மிக அருகிலிருக்கிறதோ அந்தப் பக்கமே பூதம் திரும்புகிறது. இடையே நிற்கும் சுவரை அது கணக்கில் கொள்வதில்லை. நினைத்தபோது வந்த வழியே திரும்பவும் அதற்கு அனுமதியில்லை. ஆகவே, ஒரு சுவருக்கு அப்பால் நிற்கும் நம்மை நாடிப் புறப்பட்ட பூதம், சுற்றுவழியில் வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. பக்கவாட்டுச் சுரங்கத்தில் நுழைந்தால் அதன் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது; நமக்கு அந்தத் தடை இல்லை. மேலும், இடைவிடாத துரத்தல் ஆடுபவரைச் சோர்வடையச் செய்யும் என்று கருதிய இவாதானி, முதல் நிலையில் ஏழு விநாடி பூதங்கள் தத்தம் மூலைகளுக்குச் சிதறவும், பிறகு இருபது விநாடி துரத்தவும், இவ்வாறு சில தடவை மாறிமாறி நிகழவும் ஏற்பாடு செய்தார். ஆடுபவர்பால் அவர் கொண்ட இந்தக் கருணையை, எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

துரத்தலில் தற்செயல் என்பது அறவே இல்லாதபடியால், ஒரே பாதையில் ஒரே நேரத்தில் திரும்பினால் பூதங்களும் தவறாமல் அவ்வாறே வந்தன. இதைக் கண்டுகொண்ட சமர்த்தர்கள் நிலைக்கு நிலை பாதைகளை மனப்பாடம் செய்துகொண்டு மணிக்கணக்கில் ஆடினர். அமெரிக்காவில் அடுத்து வந்த 'மிஸ் பாக்மேன்' நான்கு வேறுவேறு புதிர்வழிகளைக் கொண்டிருந்ததோடு, பூதங்களின் தொடக்க ஓட்டத்தில் சிறிது தற்செயலையும் கலந்துவைத்தது.