பச்சைக் குழந்தையின் காமாலையை விரட்டிய வெயில்!
நர்சு கண்ணில் பட்ட மஞ்சள் முக்கோணம்

ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையை நீல விளக்குக்குக் கீழே படுக்க வைக்கிறார்களே, அந்த வைத்தியத்துக்கு வழிகாட்டியவர் ஒரு நர்சு! அதன் விவரம் வருமாறு:-

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஊர் ராக்போர்டு. அங்குள்ள ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்டு. புழுக்கமான பெட்டியில் கிடப்பதைவிட வெயிலும் காற்றும் பட்டால் பிள்ளைகள் தேறும் என்பது அவர் கட்சி. வெயில் அடித்தால் போதும், குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

1956-ம் ஆண்டு ஒருநாள் டாக்டர்கள் வார்டைச் சுற்றி வந்தார்கள். நர்சு தயங்கித் தயங்கி ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள்! ஏதோ மருந்தைப் பூசிவிட்டார் என்று டாக்டர் டாப்ஸ் நினைத்தார். பூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. துணியின் நுனி மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடமெல்லாம் காமாலை போய்விட்டது!

ஜன்னலில் இருந்த ரத்தம்

சில வாரம் கழித்து இன்னொரு அதிசயம். காமாலைக் குழந்தையின் ரத்தக் குழாய் ஒன்று வெயில் விழும் ஜன்னலோரம் சில மணி நேரம் கிடந்தது. சோதித்தால் 'பிலிருபின்' என்ற மஞ்சள் பொருள் குறைந்திருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்திலோ எக்கச்சக்கம்! டாக்டர் கிரீமரும் சகாக்களும் சும்மா விடவில்லை. நீல டியூப் லைட்டுகளைக் கட்டிச் சோதித்து, 1958-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள்.

பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வருவது பிலிருபின். அதை வெளியேற்ற பிஞ்சு ஈரலுக்குத் தெம்பு போதாது. நிறைமாதக் குழந்தைகளிலேயே 100-க்கு 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே போய்விடும். எல்லை மீறினால் மூளையைத் தாக்கும். காது போகலாம், உயிரும் போகலாம். நீல ஒளி பட்டால் பிலிருபின் உருமாறி, பித்தத்திலும் சிறுநீரிலும் கழிந்துவிடும்.

"காலை வெயில்ல காட்டினா சரியாப் போயிடும்" என்று வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. நர்சு கண்டதும் வெயிலைத்தானே என்று கேட்கலாம். வெயிலுக்கு அளவு கிடையாது. பிஞ்சு உடம்பு சுட்டுவிடும். அதற்குள் காமாலையும் ஏறிவிடும். விளக்கு என்றால் கண்ணைக் கட்டி, இடையில் ரத்தம் பார்த்து, பாலுக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.