நடுவழியில் நிற்கும் முகாம்கள்

பிச்சாவரத்தில் படகேறி, சுரபுன்னை வாய்க்கால்களைத் தாண்டி முகத்துவாரம் வரை போனால் எதிரே வங்கக்கடல் விரியும். 1983 முதல் ஈழத்தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டித்தான் தமிழகம் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் பிறகு இந்தக் கரையிலிருந்தே மறுபடியும் கடலில் இறங்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

2014 ஜூனில், கடலூருக்கு வடக்கே உள்ள புதுச்சேரியிலிருந்து 157 பேர் ஒரே படகில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் 50 பேர் குழந்தைகள். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் மறித்தது. ஏறத்தாழ ஒரு மாதம், ஜன்னல் இல்லாத அறைகளில், கப்பலிலேயே அடைத்து வைத்தார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். முடியாமல் போகவே நவ்ரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சோறும் கூரையும் கிடைத்த மண்ணை விட்டுப் பிள்ளைகளோடு ஏன் போக வேண்டும்?

1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் சட்டத்தின் கணக்கில் சட்டவிரோதக் குடியேறிதான். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்துக்கு இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் அது மத்திய அரசின் ஆணை. இன்னொரு ஆணை வந்தால் போய்விடும். 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கும், தாய் தகப்பன் இருவரும் இலங்கையர் என்றால், இந்தியக் குடியுரிமை கிடையாது.

சட்டம் டெல்லியின் கையில், பராமரிப்பு மாநில அரசின் கையில். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை போன்ற இடங்களில் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் உதவித்தொகையை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. தணிக்கை மாறவில்லை. அதிகாரிகள் தலை எண்ண வரும் நாளில், பெயிண்ட் அடிக்க வெளியூர் போனவரும் வேலையைப் போட்டுவிட்டு முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். நாற்பது வயதைத் தொட்ட மனிதரை இப்படி வரிசையில் நிற்க வைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேறு நாடு தேடிப் போகிறவர்களுக்கு, இந்தியாவைப் போலவே ஆப்பிரிக்காவின் நைஜரும் ஒரு நடுவழி நாடுதான். லிபியா வழியாக ஐரோப்பா போகிறவர்கள் அங்கே அகடெஸ் நகரில்தான் வண்டி ஏறுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு 2015-இல் நைஜர் ஆள் ஏற்றும் தொழிலைக் குற்றமாக்கியது. வண்டிகள் நிற்கவில்லை; கிணறு இல்லாத பாலைவனத் தடங்களுக்கு மாறின. 2023 நவம்பரில் ராணுவ அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

இங்கேயும் கடலோரக் காவலை எத்தனை இறுக்கினாலும், முகாமில் எதிர்காலம் தெரியாதவர் வேறு படகுத்துறை தேடுவார். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்காவது நாடாளுமன்றம் குடியுரிமை வழங்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.