கண்டமாலையும் நெறிக்கட்டியும்

கழுத்திலே வரிசையாகக் கழலைகள் எழும் நோய்க்குக் கண்டமாலை என்று பெயர். 'கண்டம்' என்றால் கழுத்து. ஆகவே 'கழுத்து மாலை' என்று மாணவர்க்குப் பொருள் கூறிவிடுகிறோம். வடமொழியிலோ கழுத்தைக் குறிக்கும் சொல் வேறு, வீக்கத்தைக் குறிக்கும் சொல் வேறு. இந்நோய்ப் பெயர் பின்னதன் வழி வந்தது. கழலைமாலை என்பதே பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றானமையால் நேர்ந்த மயக்கம் இது.

சொல் மயக்கத்தால் பெருங்கேடு இல்லை. நோய் மயக்கத்தால் உண்டு. சொத்தைப் பல், தொண்டைப் புண் ஆகியவற்றால் சிறுவர் கழுத்தில் நெறி கட்டுவது வழக்கம். பேன் கடித்துச் சொறிந்த புண்ணால் பிடரியில் நெறி கட்டிய பிள்ளைகளைத் தோட்டப் பள்ளியில் நிரம்பக் கண்டிருக்கிறேன். இது சில நாளில் எழும், சிவக்கும், தொட்டால் நோகும், காய்ச்சலும் வரலாம். மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்தால் தணியும். சீழ் கட்டினால் கீறி வடிப்பர். தாடைக்கீழ் வீங்கி, நாக்கு மேலெழும்பி, விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிடில் ஒரு நொடியும் தாழ்க்கலாகாது.

கண்டமாலை இவ்வாறன்று. வாரக்கணக்கில் வளரும், பெரும்பாலும் வலியோ சூடோ இராது, கழலைகள் ஒன்றோடொன்று ஒட்டும், பின் குழைந்து உடைந்து ஆறாப் புண்ணாகும். 'வலியில்லையே' என்று பெற்றோர் வாளாவிருப்பதே பெரும் இடர். இதற்குக் காரணம் பெரும்பாலும் 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி. அரசர் கைபட்டால் இது தீரும் என்று இங்கிலாந்தில் நம்பினர். 1712-இல் குழந்தை சாமுவேல் ஜான்சனை ஆன் அரசியிடம் கொண்டுசென்றனர், தீரவில்லை. நம்மவர் பச்சிலைக் கட்டுக்கும் அதே மதிப்புத்தான்.

மெல்லிய ஊசியால் கழலையிலிருந்து சிறிது எடுத்துச் சோதிப்பர். கிருமியை வளர்த்துக் காண வாரங்கள் ஆகும். இக்கால மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் கூறிவிடும். நெஞ்சையும் படமெடுத்துப் பார்ப்பர்.

தேக்காவுக்குத் தொலைவில்லாத மோல்மீன் சாலையில், 1909 முதல் இருக்கும் டான் டோக் செங் மருத்துவமனை நெடுங்காலம் காசநோயாளரின் புகலிடம். இன்றைய மருத்துவ முறையில் நம்மூர்க்கும் பங்குண்டு. நுரையீரல் நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1956-இல் தொடங்கிய சென்னை ஆய்வு காட்டிற்று. மருந்துக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க 1970-களின் சிங்கப்பூர் ஆய்வுகள் துணைசெய்தன. கண்டமாலைக்கும் வழக்கமாக அதுவே அளவு: முதல் 2 மாதம் நான்கு மருந்து, பின் 4 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டும். இடையில் கழலை பெருப்பதும் உண்டு. அதற்கு அஞ்சித் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

ஆசிரியர்க்கு ஒரு சொல். நோய் கழுத்தில் மட்டும் இருந்து, நெஞ்சு தூயதாயின், அப்பிள்ளையிடமிருந்து பிறர்க்குத் தொற்றாது. மருத்துவர் இசைந்தபின் அவனைத் தனிப் பலகையில் அமர்த்த வேண்டியதில்லை.