ரெண்டு செகண்ட் ரூலுக்கு என்ன ஆச்சு?

இன்னிக்கு காமா கதிர் வெடிப்புகள் எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம்.

1967 ஜூலை 2. சோவியத் யூனியன் விண்வெளியில ரகசியமா அணுகுண்டு வெடிக்குதான்னு வேவு பார்க்க அமெரிக்கா விட்டிருந்த வேலா செயற்கைக்கோள்கள்ல, காமா கதிர் பளிச்சுனு ஒரு தடவை பதிவாச்சு. அணுகுண்டு மாதிரியும் இல்ல, சூரியன்ல இருந்து வந்த மாதிரியும் இல்ல. இந்த மாதிரி வெடிப்புகள் பத்தின ஆய்வுக் கட்டுரை வெளிவரவே 1973 ஆயிடுச்சு.

1991-ல போன காம்ப்டன் விண்வெளி ஆய்வகம் இரண்டாயிரத்துக்கும் மேல வெடிப்புகளைப் பிடிச்சுது. எவ்வளவு நேரம் நீடிக்குதுன்னு கிராஃப் போட்டா, ரெண்டு குவியல். நடுவுல கோடு, சுமாரா 2 செகண்ட். அப்படியே ஒரு இஃப்-எல்ஸ் எழுதிட்டாங்கன்னு வச்சுக்குங்க.

2 செகண்டுக்கு மேலயா? பெரிய நட்சத்திரத்தோட மையம் இடிஞ்சு விழுந்து கருந்துளை ஆகுது. சுத்தி இருக்கிற பொருள் உள்ளே விழ விழ, துருவங்கள் வழியா ஜெட் பீய்ச்சி அடிக்குது. அது நம்ம பக்கம் திரும்பியிருந்தா நமக்குத் தெரியும். 2003 மார்ச் 29-ல வந்த வெடிப்போட பின்னொளியிலேயே சூப்பர்நோவா தெரிஞ்சுது. கையும் களவுமா மாட்டுச்சு!

அதுக்குக் கம்மியா? ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுது. மிச்சம் விழுற பொருள் கொஞ்சம்தான், அதனால எஞ்சின் சட்டுனு நின்னுடும். 2017 ஆகஸ்ட் 17-ல ஈர்ப்பலை வந்து 1.7 செகண்ட்ல காமா கதிரும் வந்துச்சு. கூடவே கிலோநோவா. தங்கம் மாதிரி கனமான தனிமங்கள் உருவாகிற ஒரு இடம் அது.

அழகான ரூல், இல்ல? அப்புறம்தான் எட்ஜ் கேஸ் வந்துச்சு. 2020 ஆகஸ்ட் 26-ல ஒரு செகண்ட் வெடிப்பு. தேடிப் பார்த்தா சூப்பர்நோவா. 2021 டிசம்பர் 11-ல ஏறக்குறைய ஒரு நிமிஷம் நீடிச்ச வெடிப்பு. சூப்பர்நோவா இல்ல, கிலோநோவா!

நம்ம வேலையில லாகை மட்டும் பார்த்து ரூட் காஸ் எழுதுவோமே, அதே தப்புதான். நேரம்கிறது ஒரு அறிகுறி. எது வெடிச்சுதுன்னு பின்னொளியைத் தேடித்தான் பார்க்கணும். பழைய வெடிப்புகள் பலதுக்கு அந்தத் தேடலே நடக்கல. அதுல எத்தனை தங்கம் செஞ்ச மோதல்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது.

அவ்வளவு கொஞ்சம் பொருளை வச்சு எஞ்சின் எப்படி ஒரு நிமிஷம் ஓடுச்சு? மோதினதுல ஒண்ணு வெள்ளைக் குள்ளன்னு ஒரு கட்சி. மோதலுக்கு அப்புறம் மேக்னடார் மிஞ்சி, அது ஓட்டுச்சுன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, ஆனா பந்தயம் கட்ட மாட்டேன்.