ஏழு இருக்கையா, இழுவையா? குடும்பக் காரைத் தேர்வு செய்யும் கணக்கு

கார் வாங்கலாம் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் முடிவெடுத்ததும் வீட்டில் மூன்று குரல்கள் எழும். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் சேர்ந்து போக இடம் வேண்டும் என்பது ஒன்று. மாதத் தவணை சம்பளத்தை விழுங்கிவிடக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறவரின் ஆசை. அதை அவர் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குடும்பத்துக்கு வாங்கும் காரில் ஓட்டும் சுகத்தைக் கேட்பது சுயநலம் என்று நினைத்து அடக்கிக்கொள்கிறார்.

பல வீடுகளில் தேர்வு பிசகுவது இங்கேதான். முழுச் சுமையோடு லாரியை முந்தும்போது தயங்காத எஞ்சின், மலை வளைவில் சாயாத உடல், ஆறு மணி நேரம் ஓட்டிய பிறகும் சோர்வு தராத இருக்கை ஆகியவற்றைத்தான் ஓட்டும் சுகம் என்கிறோம். இவற்றின் பலன் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே இடம், விலை, ஓட்டம் மூன்றையும் சமமாக மேசையில் வைத்துப் பேசுவதே சரி.

விலையைத் தீர்மானிக்கும் நான்கு மீட்டர்

இந்தியாவில் காரின் விலை அதன் நீளத்தோடு கட்டுண்டது. 2006 மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நான்கு மீட்டருக்குள் நீளம், வரம்புக்கு உட்பட்ட எஞ்சின் இரண்டும் இருந்தால்தான் அந்தச் சலுகை. அந்த எல்லைக்குள் நிற்பதற்காகவே டிக்கியைக் குறுக்கிய செடான் கார்கள் வந்தன. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ் வந்தது. 2012இல் மாருதி டிசையரின் நீளமும் குறைக்கப்பட்டது.

அதே கோடு இன்றும் ஆட்சி செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட காருக்கு வரி 18 சதவீதம். டீசல் என்றால் எஞ்சின் வரம்பு 1,500 சிசி. இதற்கு முன்பு சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம் வசூலிக்கப்பட்டது. நீளம், எஞ்சின் இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலும் வரி 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்.

தமிழ்நாட்டில் இன்னொரு படிக்கட்டும் இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரி விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 9.90 லட்சம் ரூபாய் காருக்குச் சாலை வரி சுமார் 1.29 லட்சம். 10.10 லட்சம் ரூபாய் காருக்கு அது சுமார் 1.82 லட்சம். காரின் விலை வித்தியாசம் 20,000 ரூபாய்தான். வரி வித்தியாசமோ 53,000 ரூபாயைத் தாண்டுகிறது. இது போக, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்கும் வருமான வரி, வசூலிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், வாங்கும் நாளில் கையிலிருந்து போகும் பணம் அது. பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் கார் பார்ப்பவர்கள், சன்ரூஃபுக்காக அடுத்த மாடலுக்குத் தாவும் முன் ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

நீளமான காரில் இடம் அதிகமா?

நீளத்தை வைத்து இடத்தைக் கணித்தால் ஏமாற்றம்தான். ஹூண்டாய் கிரெட்டாவின் நீளம் 4,330 மில்லிமீட்டர். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபரின் நீளம் 3,990 மில்லிமீட்டர். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், கிரெட்டாவில் 2,610, டிரைபரில் 2,636. ஆட்கள் உட்காரும் இடத்தைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தத் தூரம்தான். டிரைபரில் மூன்று வரிசை இருக்கைகள் அமைந்ததன் ரகசியமும் அதுவே.

மறுபக்கமும் உண்டு. ஏழு இருக்கையையும் விரித்து வைத்தால் டிரைபரின் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர் இடம். நடுத்தர சூட்கேஸ் ஒன்றை வைத்தால் முடிந்தது. மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் அதே டிக்கி 625 லிட்டராக விரிகிறது. அப்போது அது தாராளமான ஐந்து இருக்கைக் கார். 2,740 மில்லிமீட்டர் வீல்பேஸ் கொண்ட மாருதி எர்டிகாவில் எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது 209 லிட்டர், கியா காரென்ஸில் 216 லிட்டர். ஏழு பேர் பழநிக்குப் போய் இரண்டு நாள் தங்கிவர வேண்டும் என்றால், ஆட்களுக்கு இடம் கிடைக்கும், பைகள் மடியில்தான்.

ஏழு பேர் எத்தனை முறை சேர்ந்து போகிறீர்கள் என்ற கேள்வி அதனால்தான் முக்கியம். ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் கடந்த ஓராண்டின் பயணங்களை எழுதிப் பாருங்கள். அலுவலகத்துக்கு ஒருவர், பள்ளிக்கு மூவர், வார இறுதியில் நால்வர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏழு பேர் என்று கணக்கு வரும். ஐந்து பேருக்கு மேல் போகும் பயணம் மாதம் ஒன்றிரண்டு முறையாவது வந்தால் மூன்று வரிசைக் கார் நியாயமானது. ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் என்றால், அந்த நாட்களுக்கு இன்னோவாவோ வேனோ வாடகைக்கு எடுப்பது மலிவு. மீதி நாட்களுக்குப் பொருத்தமான ஐந்து இருக்கைக் காரை நிம்மதியாகத் தேடலாம்.

இடம் என்பது லிட்டர் கணக்கோடு முடிவதில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இருக்கையின் உயரம்தான் முதல் அளவுகோல். மாருதி வேகன்ஆர் போன்ற உயரமான கார்களில் குனியாமல், தவ்வாமல் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம். தாழ்ந்த செடானில் உள்ளே சரிய வேண்டும். பெரிய எஸ்யூவியில் ஏற வேண்டும். மாறாக, சாமான் அதிகம் கொண்டுபோகும் நால்வர் குடும்பத்துக்குச் செடான் இன்றும் நல்ல தேர்வு. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டின் டிக்கியும் 521 லிட்டர். காரின் அகலத்தையும் மறக்கக் கூடாது. எர்டிகா 1,735 மில்லிமீட்டர், இன்னோவா ஹைகிராஸ் 1,850 மில்லிமீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு தூண்களுக்கு நடுவே கதவைத் திறந்து பாட்டி இறங்க முடியுமா என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கலாம்.

ஓட்டும் சுகம் எங்கிருந்து வருகிறது?

விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பேசும். மலையேறும்போது கைகொடுப்பது இழுவை, அதாவது டார்க். ஒரே வரி வரம்புக்குள் நிற்கும் இரண்டு கார்களைப் பாருங்கள். டிரைபரில் 999 சிசி எஞ்சின். ஸ்கோடா கைலாக்கிலும் 999 சிசி எஞ்சின். இரண்டும் மூன்று சிலிண்டர், இரண்டும் நான்கு மீட்டருக்குள். டிரைபரின் எஞ்சின் தரும் உச்ச இழுவை 96 நியூட்டன் மீட்டர். கைலாக்கில் டர்போ இருப்பதால் அது 178 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,750 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. எஞ்சினை அலறவிடாமலே கார் முன்னே போகும்.

டிரைபரின் சொந்த எடை சுமார் 950 கிலோ. சராசரி 60 கிலோ எடையுள்ள ஏழு பேர் ஏறினால் 420 கிலோ கூடுகிறது. பைகளையும் சேர்த்தால் மொத்தம் 1,400 கிலோவை எட்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடையை 96 நியூட்டன் மீட்டர் இழுக்க வேண்டும். கார் ஏறிவிடும். ஆனால் வளைவுக்கு வளைவு கியரைக் குறைக்க வேண்டும், முந்துவதற்கு நீண்ட வெற்றுச் சாலைக்காகக் காத்திருக்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பத்துக்கு இது ஒரு குறையே இல்லை. வால்பாறைக்கும் ஏற்காட்டுக்கும் அடிக்கடி போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். மூன்று வரிசையும் வேண்டும், இழுவையும் வேண்டும் என்பவர்களுக்கு 250 நியூட்டன் மீட்டரைத் தொடும் காரென்ஸின் டீசல், டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் இருக்கின்றன. காரென்ஸின் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டுவதால் 40 சதவீத வரிக்குள் வருகிறது, விலை கூடும்.

எஞ்சின் பாதிக் கதைதான். மறைமலைநகரில் கார் தயாரித்து வந்த ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. இருந்தும் ஃபிகோவையும் ஈக்கோஸ்போர்ட்டையும் இன்னமும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. கேட்டால், கைக்குச் சரியான கனத்தோடு பேசும் ஸ்டீயரிங்கையும் வேகத்தில் தரையைப் பிடித்து நிற்கும் உடலையும்தான் சொல்வார்கள். சஸ்பென்ஷன் மிக மென்மையாக இருந்தால் நகரத்தின் பள்ளங்களை விழுங்கும். நெடுஞ்சாலையில் கார் அலைபாய்ந்து, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குக் குமட்டும். மிக இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் பாட்டியின் இடுப்பில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காரைத்தான் தேட வேண்டும்.

கியரிலும் கவனம் வேண்டும். ஆட்டோமேட்டிக் வகைகளில் ஏஎம்டி விலை குறைவு, மைலேஜும் குறையாது; கியர் மாறும்போது ஒரு கணம் தயங்கும். டார்க் கன்வர்ட்டர் நெரிசலிலும் ஏற்றத்திலும் சீராக நடந்துகொள்ளும். இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி மின்னல் வேகத்தில் கியர் மாற்றும், விலையும் பழுதுச் செலவும் அதிகம். தினமும் அண்ணா சாலையில் ஊர்ந்து போகிறவருக்கு நல்ல ஆட்டோமேட்டிக் கார் அன்றாட நிம்மதி. மலைப்பாதையை ரசித்து ஓட்டுபவருக்கு மேனுவல் கியரே இன்பம்.

வாங்கிய பிறகு வரும் செலவு

8 லட்சம் ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். ஏழாண்டுக்கு நீட்டினால் 12,900 ரூபாய். மாதம் 3,700 ரூபாய் குறைவது கண்ணுக்குத் தெரியும். மொத்த வட்டியில் சுமார் 85,000 ரூபாய் கூடுவது தெரியாது. ஏழாண்டுத் தவணையில்தான் கட்டுப்படியாகும் என்றால் அந்தக் கார் நம் பட்ஜெட்டுக்கு மேல் என்று பொருள்.

எரிபொருளிலும் இதே போல் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 556 லிட்டர் செலவாகும். 13 கிலோமீட்டர் என்றால் 769 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வித்தியாசம். நெரிசலில் டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் இந்தக் கணக்கைத் தெரிந்தே அவற்றை வாங்க வேண்டும். சிஎன்ஜி எரிபொருள் செலவைக் குறைக்கும். சிலிண்டர் டிக்கியின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், இழுவையும் குறையும். பிஎஸ்-6 டீசல் கார் நெடுந்தூரம் ஓடுபவருக்கே ஏற்றது. தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓட்டினால் புகைபோக்கியிலுள்ள வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பில் மட்டும் பேரம் வேண்டாம். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில், கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிடப்பட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரம் தரப்படுகிறது. இரண்டையும் பாருங்கள். பின்னிருக்கையின் நடுவில் மூன்று முனை சீட் பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பமாகப் போங்கள்

டீலர் காட்டும் வழியில் ஒருவர் மட்டும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எந்தக் காரும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முழுச் சுமையோடு வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுகிறதா பாருங்கள். பெரியவர்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாம் வரிசையில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஏசிக் காற்று அங்கே வருகிறதா என்று கேளுங்கள். வழக்கமாக எடுத்துப்போகும் பெட்டிகளைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தே பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு முடிவுக்கு வருவது கடினமில்லை. நகருக்குள்ளேயே ஓடும், சில நேரங்களில் ஏழு பேரை ஏற்ற வேண்டிய, கையைக் கடிக்காத கார் வேண்டும் என்றால் டிரைபர் போன்றது. கூட்டுக் குடும்பம் மாதந்தோறும் ஊருக்குப் போகிறது என்றால் எர்டிகா, காரென்ஸ் வரிசை. நால்வர் குடும்பம், ஓட்டுவதில் ஆசை, வரியும் குறைய வேண்டும் என்றால் நான்கு மீட்டருக்குள் டர்போ எஞ்சின் கொண்ட கார். சாமானும் நெடுஞ்சாலையும் அதிகம் என்றால் செடான்.

ஐந்தாண்டுத் தவணைக்குள் அடங்கும் தொகையை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டு ஆட்களை உட்காரவைத்து இடத்தை அளந்துகொள்ளுங்கள். இந்த இரண்டு சல்லடையிலும் தேறிய கார்களில் எதை ஓட்டும்போது உங்கள் தோள்கள் இளகுகின்றனவோ அதையே எடுங்கள். அடுத்த பத்தாண்டு குடும்பத்தின் உயிர்களை ஓட்டுபவரின் கைகளிடம்தான் ஒப்படைக்கப் போகிறோம். அந்தக் கைகளுக்குப் பிடித்த காரைக் கொடுப்பது குடும்பம் தனக்கே செய்துகொள்ளும் நன்மை.