சுவருக்கு ஜலதோஷம்!

மழை விட்டுப் பத்து நாளாகிறது. தெருவில் புழுதிகூடப் பறக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் படுக்கை அறைச் சுவர் மட்டும் இன்னும் சில்லென்று இருக்கிறது. கை வைத்தால் காரை பொடியாக உதிர்கிறது. பீரோவைத் திறந்தால் பூசண வாடை. சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் வர்ணிக்கவே வேண்டியதில்லை!

சென்னையில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. போதாததற்குக் கடற்காற்றின் ஈரம் வேறு. சுவருக்கு ஜலதோஷம் பிடிக்கக் கேட்பானேன்?

"ஒரு கை பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. சளிக்கு மருந்து கொடுக்காமல் மூக்குக்குப் பவுடர் பூசுகிற காரியம் அது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வைத்தியம்.

அடையாளம் என்ன?

தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை மட்டும் ஈரமும் வெள்ளை உப்பும் தெரிந்தால், அது பூமியிலிருந்து ஏறும் ஓதம். அஸ்திவாரத்தின் மேல் ஓதத்தைத் தடுக்கும் பூச்சு இல்லாத பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் இது சகஜம்.

மழை பெய்த பிறகு கூரையில் வட்ட வட்டமாகக் கறை விரிந்தால், குற்றவாளி மொட்டை மாடி. தளத்தில் வெடிப்பு இருக்கலாம். அல்லது மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கலாம். சருகை அள்ளிப் போட ஐந்து நிமிஷம் போதும்!

மழையே இல்லாத சித்திரையிலும் ஈரம் காயவில்லையா? மேல் வீட்டுக் குளியலறையையோ, சுவருக்குள் ஓடும் குழாயையோ சந்தேகியுங்கள்.

பீரோவுக்குப் பின்னாலும் அறை மூலைகளிலும் கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிகின்றனவா? அது பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாததன் பலன்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பவை

காற்றின் ஈரத்தைக் குறைப்பது உங்களால் ஆகிற காரியம். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் துணிகளைக் கூடம் முழுக்கக் கொடி கட்டி உலர்த்தாமல், ஒரே அறையில் போட்டு, அதன் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழல விடுங்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பட்டுப் புடவைகளை ஈரம் உறிஞ்சும் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைப்பது நல்லது.

பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. நுண்துகள்கள் அறை முழுவதும் பரவும். முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய விடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும்.

இதில் அலட்சியம் கூடாது. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எடுத்துச் சொல்லியிருக்கிறது. குழந்தையின் இருமல் விடாமல் நீடித்தால், டாக்டரிடம் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். சுவிட்சுப் பலகை அருகே ஈரம் கண்டால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் பங்கு

மாடித் தளமும் குழாயும் அஸ்திவாரமும் குடித்தனக்காரர் பொறுப்பல்ல. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது. குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் தவிர, கட்டிடப் பழுதுகளும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும், வெள்ளையடிப்பதும் வீட்டு உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர் போன்ற சில்லறை ரிப்பேர்கள் நம்முடையவை.

ஆனாலும், "கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ? அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாரோ?" என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. சண்டை வேண்டாம், சாட்சி போதும். குடிபுகும் அன்றே சுவர்களைத் தேதியுடன் போட்டோ எடுத்து வையுங்கள். கறை கண்டதும் படத்துடன் எழுத்தில் தெரிவியுங்கள். "இப்போது விட்டால் கம்பி துருப்பிடித்துக் கூரையே பெயர்ந்து விழும், செலவு உங்களுக்குத்தான்" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னால், பிடிவாதக்காரரும் சற்று யோசிப்பார்.

வேலைக்கும் பருவம் உண்டு. மாடி வெடிப்பைப் புரட்டாசிக்குள் அடைத்துவிட வேண்டும். பெயிண்டோ, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் அடிக்க வேண்டியது. ஈரச் சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்பளித்து உரிந்துவிடும்.

வருகிற ஐப்பசியிலாவது மழையை ஜன்னல் வழியாக மட்டும் பாருங்கள். சுவர் வழியாகப் பார்க்க வேண்டாம்!