செல்பேசிக் கோபுரம்: அச்சமும் விதிகளும்

ஒக்கூரிலிருந்தும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வரும் நோயாளிகளும் அவர்தம் உறவினர்களும் எம்மிடம் எழுப்பும் வினா ஒன்று உண்டு: “வீட்டருகே செல்பேசிக் கோபுரம் நிற்கிறது, அதனால் புற்றுநோய் வருமா?” இதற்கு மருத்துவமும் அரசு விதிகளும் தரும் விடையை இங்குச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

கதிரின் தன்மை

எக்ஸ் கதிர் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும் ஆற்றல் உடையது. கோபுரத்தின் வானொலி அலைகளுக்கு அவ்வாற்றல் இல்லை; செறிவு மிகும்போது திசுவைச் சூடாக்குவதே அவற்றின் உறுதிசெய்யப்பட்ட விளைவு. தொலைவு இருமடங்கானால் செறிவு கால் பங்காகக் குறையும். ஆன்டெனா தன் அலைகளைப் பெரும்பாலும் கிடைமட்டமாகவே செலுத்துகிறது. ஆகவே கோபுரத்தின் நேர் கீழே இருப்பவரைவிட, ஆன்டெனாவுக்கு எதிரே அதே உயரத்தில் உள்ள மாடியில் வசிப்பவரே மிகுதியாக அலைகளைப் பெறுகிறார்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011இல் வானொலி அலைகளை ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ எனும் 2பி பிரிவில் சேர்த்தது. செல்பேசியைத் தலையோடு ஒட்டிப் பயன்படுத்துவது பற்றிய குறைந்த அளவு சான்றுகளே அதற்கு முதன்மை அடிப்படை. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இதே பிரிவில் உள்ளது. ஐயம் முற்றிலும் நீங்கவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்பதே இதன் பொருள். நோய் உறுதி என்பது அன்று.

விதிகள் கூறுவது

இந்திய அரசு, 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பன்னாட்டு வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், நம் நாட்டில் 0.45 வாட். ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள கட்டடத்திற்கு இடைவெளியும் வகுக்கப்பட்டது: ஓர் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர், நான்குக்கு 45 மீட்டர்.

பள்ளி, மருத்துவமனை அருகே கோபுரம் கூடாது என 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2013இல் தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு வழங்கிய வழிகாட்டுதல், இடத்தின் பெயரால் தடை விதிக்கவில்லை. எவ்விடமாயினும் அலையின் அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு.

நீங்கள் கேட்க வேண்டியவை

மாடியில் கோபுரம் அமைப்பதாயின், கட்டடம் அப்பாரத்தைத் தாங்கும் எனக் கட்டமைப்புப் பொறியாளர் சான்று அளித்துள்ளாரா என்று கேளுங்கள். பழைய வீடுகளுக்கு இது இன்றியமையாதது. மின்னாக்கியின் இரைச்சல் உறக்கத்தைக் கெடுத்தால் அதுவும் முறையிடத்தக்க குறையே. 2017இல் தொடங்கப்பட்ட ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில், ஒரு கோபுரம் வரம்புக்கு உட்பட்டதா எனப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளவிடவும் கோரலாம். பிற குறைகளுக்கு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

சிக்னல் குறையுமிடத்தில் செல்பேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவர்களுக்குள் நெடுநேரம் பேசுவதைவிட, முற்றத்திலோ திண்ணையிலோ பேசுவது நன்று. இதயமுடுக்கி பொருத்திக்கொண்டவர்கள் செல்பேசியைச் சட்டைப்பையில் வைக்கலாகாது. கருவியிலிருந்து 15 செ.மீ. விலக்கி, மறுபக்கக் காதில் வைத்துப் பேச வேண்டும்.

நாங்கள் அஞ்சுவது வேறொன்றை. விடாத தலைவலி, புதிதாகத் தோன்றும் கட்டி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றைக் கோபுரத்தின் மீது ஏற்றிவிட்டுப் பரிசோதனைக்கு வராமல் இருப்பதுதான் அது. காலம் தாழ்ந்தால், குணப்படுத்தத்தக்க நோயும் கைமீறிப் போகும். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் 108 எண்ணை அழைக்கவும் சிக்னல் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். கோபுரத்தைப் பற்றி அதிகாரிகளிடம் கேளுங்கள். உடலைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.